"இது போயிடுச்சு, மாத்தணும்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கார் டீலரின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் அபார்ட்மென்ட் லிஃப்டில், ஆபீஸ் கேன்டீனில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் என்று யாராவது ஒருவர் போனை நீட்டி எஸ்டிமேட்டைக் காட்டி "இது நிஜமா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான் என்பதால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதிலையும் வைக்கிறேன்.

எல்லா டீலரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை, தெரிந்தே பொய் சொல்வதைவிட, சரியாகச் சோதிக்காமலே பார்ட்டை மாற்றச் சொல்வதுதான் அதிகம். எப்படி ஆனாலும் காசு போவது உங்களுக்குத்தான்.

சர்வீஸ் அட்வைசர்னா மெக்கானிக்தானே? அவர் சொன்னா சரியாத்தானே இருக்கும்?

இல்லை. அட்வைசர் உங்களிடம் பேசுகிறவர், ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) போடுகிறவர், பில் போடுகிறவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் டெக்னீஷியன். நடுவில் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒருவர் இருப்பார். டெக்னீஷியன் "லோயர் ஆர்ம் புஷ் லேசா விரிசல்" (சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் ரப்பர்) என்று சொன்னது சூப்பர்வைசர் வாயில் "லோயர் ஆர்ம் மாத்தணும்" ஆகி, அட்வைசர் வழியாக உங்களிடம் வரும்போது "சார், சஸ்பென்ஷன் வேலை இருக்கு" என்று ஆகிவிடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் விஷயம் மாறிவிட்டது. கூடவே, பெரும்பாலான இடங்களில் அட்வைசருக்கு மாத டார்கெட் உண்டு, அதில் கூடுதல் சர்வீஸ் விற்பதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

அதனால் பெரிய தொகை எதுவாக இருந்தாலும் "வண்டியைப் பார்த்தவரை ஒரு நிமிஷம் கூப்பிடுங்க, நேரில் காட்டச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவரிடம் ஒரே கேள்வி போதும்: "எதை வச்சுச் சொல்றீங்க?" அளந்து பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், பிரஷர் பார்த்தேன் என்று ஏதாவது ஒரு செயலைச் சொன்னால் நம்பலாம். "இந்த மாடலுக்கு வழக்கமா அதுதான் போகும்" என்றால் அது அனுமானம். பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனாலும் அனுமானத்துக்கு முப்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டியை விடும்போது என்ன சொல்லணும்?

வண்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், எது கெட்டுப்போயிருக்கும் என்று நீங்கள் நினைப்பதைச் சொல்லாதீர்கள். "சஸ்பென்ஷன் பாருங்க" என்றால் சஸ்பென்ஷனில் எதையாவது மாற்றித் தருவார்கள், உங்கள் சத்தம் போயிருக்காது. "காலையில் எடுத்ததும் முதல் ஸ்பீடு பிரேக்கரில் முன் இடது பக்கம் 'டொக்'னு ஒரு சத்தம், அஞ்சு கிலோமீட்டர் ஓடினதும் குறையுது, பிரேக் பிடிக்கும்போது வரலை" என்று சொன்னால் தேட வேண்டிய இடம் பாதி குறைந்துவிடும். இந்த வரியே ஜாப் கார்டில் ஏற வேண்டும். "நாய்ஸ் செக்" என்று இரண்டு வார்த்தையில் எழுதினால் திருத்தி எழுதச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

சத்தம் வரும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போனதும் சத்தம் நின்றுவிடுவது எல்லா வண்டியும் செய்கிற வேலை. முடிந்தால் விடுவதற்கு முன்னால் அவர்கள் ஆளோடு ஒரு டிரையல் போய், அவர் காதில் விழுந்ததை உறுதி செய்துகொண்டு வாருங்கள். கிலோமீட்டர் ரீடிங்கையும் பெட்ரோல் முள்ளையும் ஒரு படம் எடுங்கள்.

ஜெனரல் சர்வீஸுக்குத்தான் விட்டேன், 24 ஆயிரத்துக்கு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க. எதை எடுக்கிறது, எதை விடுறது?

வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாதத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கும். லிஸ்டை அதோடு வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் அதில் வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வண்டி ஓடவே இல்லையே என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது தேய்மானத்தில் போகும் பொருட்கள்: பிரேக் பேட், டயர், வைப்பர், பேட்டரி. இவற்றுக்கு அளவு கேளுங்கள். கார் டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடு ஒன்று இருக்கும், பட்டன் அதோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பேட்டரி என்றால் டெஸ்டர் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல சார்ஜில் இருக்கிறது என்று அர்த்தம்.

மிச்சமிருப்பவை இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி கிருமி நீக்கம், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்ளான் கோட்டிங் மாதிரியானவை. மேனுவலில் இல்லை, உங்களுக்கும் வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது. எனக்குக் கோபம் வருவது இந்த வரிசையில்தான், ஏனென்றால் ஓய்வூதியத்தில் இருக்கும் பெரியவர்களும் முதல் கார் வாங்கியவர்களும் இதெல்லாம் கட்டாயம் என்று நினைத்துக் கட்டிவிட்டுப் போவதைக் கவுன்டரில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிரேக் பேட் முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. எனக்கு எப்படித் தெரியும்?

சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது போய்ப் பாருங்கள், அல்லது ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதிதான் பேட். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டர் பக்கம் வந்தால் மாற்ற வேண்டும். உள் பக்கப் பேட், வெளிப் பக்கப் பேட் இரண்டையும் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று அதிகம் தேய்ந்திருக்கும். "30 சதவீதம்தான் இருக்கு" என்று சொன்னால் அது எத்தனை மில்லிமீட்டர் என்று திருப்பிக் கேளுங்கள்.

பேடோடு சேர்த்து டிஸ்கையும் (சக்கரத்தோடு சுற்றும், பேட் பிடிக்கும் தட்டு) மாற்றச் சொன்னால், குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்கின் ஓரத்திலோ நடுவிலோ பொறித்திருக்கும். அளந்து அதற்குக் கீழே இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பிரேக்கில் பேரம் பேசாதீர்கள், அளவை மட்டும் கேளுங்கள்.

ஸ்கேனர்லயே எரர் கோட் வந்திருக்காம். கம்ப்யூட்டரே சொல்லுது, அதுக்கு மேல நாம என்ன பேச?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எண்களைப் படிக்கும் கருவி. அது எந்தப் பார்ட் கெட்டது என்று சொல்வதில்லை, எந்த அளவீடு எல்லைக்கு வெளியே போனது என்றுதான் சொல்கிறது. பி0420 என்று வந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) செயல்திறன் குறைந்ததாகத் தெரிகிறது என்று அர்த்தம். கன்வர்ட்டரே போயிருக்கலாம், பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சோம்பியிருக்கலாம், சைலன்சர் ஜாயின்டில் கசிவு இருக்கலாம். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. வேக்கம் குழாயில் ஒரு சின்ன விரிசல் போதும் அது வர. காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டுகிறது, டெங்குவா டைஃபாய்டா என்பதை வேறு சோதனைதான் சொல்லும்.

என் மாமா வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும் என்று 31,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். நான் போய் அந்த டெக்னீஷியனிடம் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். ஒரு சாக்கெட், ஒரு போல்ட், இழுத்தால் ரப்பர் பூட்டோடு கையில் வந்துவிடும், பத்து நிமிட வேலை. எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தோம். இப்போது பி0303. காயில் எங்கே போனதோ அங்கேயே குறையும் போனது. ஒரே ஒரு காயில் மாற்றினோம், மூவாயிரத்துக்குள் முடிந்தது. இன்ஜெக்டரில் கைவைக்கவே இல்லை. அந்த டெக்னீஷியனுக்கு இந்தச் சோதனை தெரியாததல்ல, அன்றைக்கு அவர் கையில் பதினோரு வண்டி இருந்தது.

ஆகவே கோட் எண் என்ன, அது வந்த நேரத்தில் இன்ஜின் சூடு, வேகம், ஆர்பிஎம் என்னவென்று பதிவாகியிருக்கும் விவரம் என்ன, கோடுக்குப் பிறகு என்ன சோதித்தீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். எரர் கோடை அழிக்கும் முன்பே திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

நானே ஒரு ஸ்கேனர் வாங்கி வச்சுக்கலாமா?

தாராளமாக. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், ப்ளூடூத்தில் போனோடு சேரும் சின்னக் கருவிகள் ஆயிரம் இரண்டாயிரத்துக்கே கிடைக்கின்றன. இன்ஜின் கோடு படிக்க அது போதும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை மலிவானவை பெரும்பாலும் படிக்காது. படித்துக்கொள்ளுங்கள், ஆனால் டீலரிடம் காட்டும் முன் அழிக்காதீர்கள், வாரன்டியில் உள்ள வண்டி என்றால் உங்களுக்கான சாட்சியே அதுதான்.

ஏசி கூலிங் கம்மி. ஒருத்தர் கேஸ் போடணும்கிறார், இன்னொருத்தர் கூலிங் காயில்கிறார், டீலர் கம்ப்ரசரே மாத்தணும்கிறார். யாரை நம்ப?

சோதனை செய்தவரை நம்புங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீரும் பொருள் இல்லை. ஒரே வருடத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் அடுத்த கோடையில் அதே காசு. நைட்ரஜன் அடைத்துப் பிரஷர் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், அல்லது நிறமி கலந்து புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். இரண்டில் எது செய்தீர்கள், கசிவு எந்த இடத்தில், கேஜில் இரண்டு பக்கப் பிரஷரும் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கம்ப்ரசர் பேச்சே எடுக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் கேபின் ஃபில்டரையும் கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) ஃபேனையும் பாருங்கள். கூலிங் காயில் மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வண்டிகள் நிறைய, கழற்றி மாட்டினால் பிறகு 'கிறுகிறு' சத்தம் தொடங்கும். அதனால் அந்த முடிவை மட்டும் இரண்டு இடத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள்.

எஸ்டிமேட் பிடிக்கலைன்னா வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்துடலாமா? பார்த்ததுக்கே சார்ஜ் கேட்கிறாங்களே?

எடுத்து வரலாம், உங்கள் வண்டி. பார்த்த கூலி கேட்பதும் நியாயம்தான், ஒருவர் இரண்டு மணி நேரம் தேடியிருந்தால் அது வேலைதான். ஆனால் அந்தத் தொகையை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அதனால் விடும்போதே "பார்க்க எவ்வளவு, உங்களிடமே வேலை செய்தால் அதைக் கழிப்பீர்களா?" என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இன்ஜினையோ கியர்பாக்ஸையோ திறந்து பார்க்க வேண்டும் என்றால் கவனம். திறந்த பிறகு வேண்டாம் என்றால் மறுபடி மூட்டும் கூலியும் சேரும், சமயத்தில் கேஸ்கெட்டும் புதிது போட வேண்டிவரும். அந்தக் கணக்கைத் திறக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

வெளியில காட்டினா வாரன்டி போயிடும்னு சொல்றாங்க. உண்மையா?

அப்படியே உண்மை இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த உத்தரவிலேயே, வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி ஆளின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், ஆனால் பேச்சுக்கு இந்த உத்தரவு நல்ல பலம்.

நடைமுறையில் நான் சொல்வது வேறு. வெளியில் காட்டிக் கருத்துக் கேட்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாரன்டி இருக்கும் வரை வயரிங்கை வெட்டுவது, இன்ஜின் சீலைத் திறப்பது போன்றவற்றை வெளியில் செய்யாதீர்கள், ஆயில் மாற்றத்தையும் தேதி, கிலோமீட்டரோடு பில்லில் வையுங்கள்.

கிளட்ச் வாரன்டியில வராது, நீங்க ஓட்டின விதம்தான் காரணம்னு சொல்றாங்க

கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போன்ற தேயும் பொருட்களை எல்லாக் கம்பெனியும் வாரன்டியிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கும், அது அவர்கள் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கும். முதலில் கிளட்ச்தானா என்று பாருங்கள். காலி ரோட்டில் நாலாவது கியரில் 40, 50 வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது.

15,000 கிலோமீட்டரிலேயே போயிருந்தால் விடாதீர்கள். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும், அது தேய்மானம் ஆகாது. கழற்றிய பிளேட்டைப் பார்க்க வேண்டும், படம் வேண்டும் என்று சொல்லுங்கள். வாரன்டி மறுப்பை வாய்ப்பேச்சாக ஏற்காமல் காரணத்தோடு மெயிலில் கேளுங்கள். பல சமயம் டீலர் கம்பெனிக்கு விஷயத்தை அனுப்பவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்று, வாரன்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள், "குறை தெரியவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை. வாரன்டி காலத்திலேயே சொன்னீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

இன்னொரு இடத்துல காட்டணும்னா எங்க போறது?

அதே கம்பெனியின் வேறு டீலர், இல்லையென்றால் பல பிராண்டு பார்க்கும் பட்டறை, இல்லையென்றால் அந்த வேலை மட்டுமே செய்பவர். ஏசிக்கு ஏசிக்காரர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே இருப்பவர். முக்கியமான விஷயம், முதல் இடத்தில் சொன்னதைச் சொல்லாதீர்கள். குறையை மட்டும், மேலே வண்டி விடுவது பற்றிய பதிலில் சொன்னபடி சொல்லுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தால் சரி.

இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி என்றும் நினைக்க வேண்டாம். என் வண்டியில் 60 வேகத்துக்கு மேல் 'ஊஊ' என்று ஒரு இரைச்சல். டீலர் முன் வலது வீல் பேரிங் என்றார். நான் போய்க் காட்டிய இடத்தில் டயர் சத்தம் என்றார்கள், விலை குறைவு என்பதால் அதுதான் எனக்கும் இனித்தது. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டேன், சத்தம் துளியும் மாறவில்லை. பிறகு பைபாஸில் இடப்பக்கம் வளையும்போது சத்தம் ஏறுவதையும் வலப்பக்கம் வளைந்தால் அடங்குவதையும் கவனித்தேன். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும், அதனால் வலது பேரிங்தான். டீலர் சொன்னது சரி.

பழைய பார்ட்டைக் கேட்டா குப்பைக்குப் போயிடுச்சுங்கிறாங்க

வேலை முடிந்த பிறகு கேட்டால் அப்படித்தான் ஆகும். ஜாப் கார்டிலேயே "மாற்றிய பாகங்கள் திருப்பித் தரவும்" என்று எழுத வையுங்கள். சந்தேகம் அதிகம் என்றால், மாற்றப்போகும் பார்ட்டில் மார்க்கரால் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டுப் படம் எடுங்கள். புதுப் பார்ட் வந்த டப்பாவையும் கேளுங்கள், பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் அதில் அச்சிட்டிருக்கும், பில்லில் உள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். வாரன்டியில் மாற்றியதைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், அதைத் தர மாட்டார்கள், அதில் தப்பில்லை. இன்சூரன்ஸ் வேலையிலும் சேதப் பொருளைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள்.

விலை சரியான்னு எப்படிப் பார்க்கிறது?

பார்ட் நம்பரை வாங்கி இணையத்தில் போட்டால் எம்ஆர்பி கிடைத்துவிடும். எம்ஆர்பி என்பது வரி உள்பட. பில்லில் அடிப்படை விலையும் ஜிஎஸ்டியும் தனித்தனியாகப் போட்டிருந்தாலும் இரண்டும் கூடி எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய எஸ்டிமேட்டை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

விலையைவிட 'அசெம்பிளி' (முழு செட்) என்ற வார்த்தையில்தான் காசு அதிகம் போகிறது. முன்பக்க 'டொக்' சத்தத்துக்கு லிங்க் ராட் என்ற சின்னக் கம்பி மட்டும் போயிருந்தால் ஜோடி சில ஆயிரத்துக்குள் முடியும், ஸ்டியரிங் ராக் அசெம்பிளி என்று போட்டால் பல மடங்கு. "இதில் உள் பார்ட் தனியாக வருகிறதா?" என்று அட்வைசரிடம் கேட்காமல் பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள். அங்கே இருப்பவர் திரையில் பார்ட்ஸ் படத்தைத் திறந்து ஒவ்வொரு புஷ், போல்ட்டின் நம்பரையும் காட்டிவிடுவார். வாரன்டி முடிந்த வண்டி என்றால் சென்னையில் ஜிபி ரோடு கடைகளில் அதே நம்பரைச் சொல்லி விலை கேட்டும் ஒப்பிடலாம்.

மாத்தியும் அதே பிரச்னை. இப்ப வேற பார்ட் மாத்தணுங்கிறாங்க

இது உங்கள் செலவில் நடக்கும் தேடல். முதல் பார்ட் தேவையே இல்லாமல் மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான், ஆகவே அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கூலியையாவது விடுவார்கள். புது ஜாப் கார்டு போடும்போது "இதே குறைக்கு மறுமுறை வருகை" என்று பழைய ஜாப் கார்டு நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். இனி எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் வேறு வண்டியில் நன்றாக வேலை செய்யும் பார்ட்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சென்சார், காயில், ரிலே போன்றவற்றுக்கு இது சுலபம், எல்லா டீலரிடமும் நடப்பதுதான்.

கேட்காமலே மாத்திட்டு பில் போட்டுட்டாங்க. பணம் கட்டினாத்தான் வண்டிங்கிறாங்க

செய்த வேலைக்கான கூலி வரும் வரை வண்டியை நிறுத்தி வைக்க, ஒப்பந்தச் சட்டத்தின் 170வது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. ஆனால் நீங்கள் ஒத்துக்கொண்ட வேலைக்குத்தான் அது பொருந்தும். ஒப்புதல் கொடுத்தீர்களா என்று வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், போன் லாக் எல்லாம் பாருங்கள், சில இடங்களில் அனுப்பும் லிங்க்கைத் தொட்டாலே ஒப்புதல் என்று பதிவாகும்.

அங்கே நின்று சண்டை போட்டு வண்டியை நாள்கணக்கில் விட்டுவிட்டு வருவதைவிட, பணத்தைக் கட்டி எடுத்துவிடுவது பெரும்பாலும் நல்லது. ஆனால் கட்டும் முன்பே அவர்கள் மெயிலுக்கு "இன்ன வேலைக்கு நான் ஒப்புதல் தரவில்லை, வண்டி தேவைப்படுவதால் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று அனுப்புங்கள். பில்லில் கையெழுத்துப் போடும் இடத்திலும் அதையே எழுதுங்கள். "வேலை திருப்தி" என்று அச்சிட்ட வரிக்குக் கீழே சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும்.

மழைத் தண்ணியில நின்ன வண்டி. இன்ஜினே மாத்தணும்னு லட்சக்கணக்குல சொல்றாங்க

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நிறைய வண்டிகள் தண்ணீரில் நின்றதைவிட ஸ்டார்ட் செய்து பார்த்ததால்தான் கெட்டன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராட் வளையும். அதனால் முதல் விதி, ஸ்டார்ட் செய்யாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஸ்டார்ட் செய்யாத வண்டிக்கு இன்ஜின் மாற்றச் சொன்னால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தார்களா, ஏர் ஃபில்டர் நனைந்திருந்ததா, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்ததா என்று கேளுங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் அந்த வழியில் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு. இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் திறக்க விடாதீர்கள். இன்ஜினுக்குத் தனிக் கூடுதல் கவர் எடுத்திருக்கிறீர்களா என்றும் பாலிசியில் பாருங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் கிடைப்பது கஷ்டம்.

யார்கிட்ட புகார் பண்றது? எந்த வரிசையில?

முதலில் அதே டீலரின் வொர்க்ஸ் மேனேஜர் அல்லது சர்வீஸ் மேனேஜர். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில், ஜாப் கார்டு நம்பர், படங்கள், தேதி வாரியாக நடந்தது எல்லாவற்றோடும், ஒரே பக்கத்தில். திட்டாமல் எழுதுங்கள், கடைசியில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பணம் திரும்ப வேண்டுமா, இலவசமாகச் சரி செய்ய வேண்டுமா, கம்பெனி இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டுமா? அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கிருந்து புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், பல பெரிய கம்பெனிகள் அதற்குப் பதில் சொல்லிவிடுகின்றன.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்னை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறையை நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவைப்படும் வழக்குகள் உண்டு. அதனால்தான் மேலே பழைய பார்ட்டை வாங்கி வையுங்கள் என்று சொன்னேன். இரண்டாவது பட்டறையில் காட்டியிருந்தால் அவர்கள் கண்டதையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். 1,800 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 40,000 என்றால் நான் போவேன்.

இவ்வளவு கேள்வி கேட்டா கோபப்பட்டு வண்டியில ஏதாவது பண்ணிட மாட்டாங்களா?

எங்கள் வீட்டிலும் இந்தப் பயம் உண்டு, அம்மா ஒவ்வொரு முறையும் "பேசாம கட்டிட்டு வாடா" என்பார். ஆறு வருடத்தில், கேள்வி கேட்டார் என்பதற்காக ஒரு வண்டியைக் கெடுத்ததை நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டவர் வண்டி வரிசையில் கடைசிக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தொனியில்தான் விஷயம். "என்னை ஏமாத்துறீங்களா?" என்று தொடங்காமல் "எனக்குப் புரியலை தம்பி, ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள்.

வேலையில் அக்கறை உள்ள டெக்னீஷியனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை. எங்கள் பட்டறையில் ஒருவர், கிரீஸ் படிந்த கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, வண்டிக்காரர் தலையை அடியில் குனிய வைத்து, கிழிந்த புஷ்ஷை லீவரால் நெம்பி "பாருங்க, எப்படி ஆடுது" என்று காட்டுவார். அவர் கொடுத்த எஸ்டிமேட்டுக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.